வேலிக்குள் ஒரு பறவை

தீவகத்தின் வரலாற்றைப் பேசப் புகுந்தோர் பெரும்பாலும் கோட்டைகளிலிருந்தே தொடங்குவர். ஊர்காவற்றுறையின் கடற்கோட்டையும் நெடுந்தீவுக் கோட்டையும் முதலில் வரும். பின்னர் ஒல்லாந்தர் சூட்டிய பெயர்கள் வரும். வேலணைத் தீவு லெய்டன் ஆயிற்று. காரைதீவு ஆம்ஸ்ரடாம் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. தங்கள் நாட்டு ஊர்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்து இங்கே இறக்கி வைத்தது போல அவர்கள் பெயரிட்டார்கள். அவற்றுள் நெடுந்தீவுக்கு இட்ட டெல்வ்ற் என்ற பெயர் மட்டுமே இன்றும் ஆங்கில ஏடுகளில் உயிரோடு இருக்கின்றது. மற்றவை தேசப்படத்தோடு மடிந்து போயின.

கோட்டை கட்டியவர்களின் வரலாறு அவ்வளவோடு நிற்கட்டும். வேலி கட்டியவர்களின் வரலாற்றையே இன்று பேச விரும்புகின்றேன். அதற்குச் சான்றாக நான் அழைப்பது கோழியை. இலக்கியத் தொடரிலே கோழிக்கு என்ன வேலை என்று நேயர்கள் சிலர் கேட்கக் கூடும். சாட்டியிலோ வேலணையிலோ, இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்த ஒரு குடும்பம் முதன்முதலாக ஒரு பேட்டுக் கோழியை வாங்கி வளவுக்குள் விடுகின்ற நாள் சாதாரண நாளன்று. வீடு கட்டுவதற்கு உதவி கிடைக்கும். கிணறு இறைப்பதற்கு ஆள் கிடைக்கும். நாங்கள் இனி இங்கேதான் இருப்போம் என்று ஒரு பெண் தன் மனத்திலே முடிவு செய்த பின்னர்தான் அந்த முற்றத்துக்குக் கோழி வரும்.

இதனை நம் பழந்தமிழ்ப் புலவர்கள் நன்கு அறிந்திருந்தனர். தொல்காப்பிய மரபியல், விலங்கு பறவைகளின் ஆண், பெண், இளமைப் பெயர்களை வகுத்துக் கூறும்போது, ‘அளகு’ என்ற பெண்பாற் பெயரைக் கோழிக்கும் கூகைக்கும் மட்டுமே உரியதாக ஒதுக்குகின்றது. ஒன்று மனையோடு வாழ்வது. மற்றது மனைக்கு வெளியே இரவில் அலறுவது. இரண்டையும் ஒரு சொல்லுக்குள் ஏன் அடக்கினார்கள் என்பது தனியே ஆராயத்தக்கது.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பத்துப்பாட்டிலே இரண்டு பாட்டுகளைப் பாடியவர். இரண்டிலும் கோழி வருகின்றது. தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையிலே, மருத நிலத்துப் பேரூரில் பாணனுக்குக் கிடைக்கும் விருந்து வெண்ணெற் சோறும் வீட்டிலே வளர்ந்த கோழியின் வாட்டிய இறைச்சியும் ஆகும். கரிகாலனின் காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடிய பட்டினப்பாலையிலோ கோழி திருடனாக வருகின்றது. முற்றத்திலே பெண்கள் காயவைத்த தானியத்தைக் கொத்த வந்த கோழியை, கையிலே கல் அகப்படாமையால், காதிலிருந்த கனத்த குழையைக் கழற்றி எறிகின்றார்கள். எறிந்த குழை, சிறுவர் உருட்டி விளையாடும் முக்காற் சிறுதேருக்குத் தடையாகக் கிடக்கின்றதாம். உரையாளர்கள் இதனைச் செல்வச் செழிப்புக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். சொல்லட்டும். எனக்கு அங்கே தெரிவது வேறு. பொன்னைக் கல்லாக எறியக் கூடிய வீட்டிலும் தானியத்துக்குக் காவல் இருக்க வேண்டியவள் பெண்தான். கோழியோடு மல்லுக்கு நிற்க வேண்டியவளும் அவள்தான். புழுங்கல் நெல்லைப் பாயிலே பரப்பிவிட்டுக் கையிலே தடியோடு குந்தியிருந்த நம்முடைய ஆச்சிமாருக்கும் அந்தப் பட்டினத்துப் பெண்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு தோடு மட்டுமே.

ஆயினும் கோழியை உள்ளபடி கண்டவர் ஒக்கூர் மாசாத்தியார். குறுந்தொகையின் 139ஆம் பாட்டு அவருடையது. பரத்தையிடம் போய் வந்த தலைவனுக்குத் தோழி வாயில் மறுக்கின்றாள். ஊரவர் தூற்றும் பழிச்சொல்லோடு எங்கள் தெருவுக்கு வராதே என்பதுதான் செய்தி. அந்தப் பழிச்சொல்லின் இரைச்சலுக்குப் புலவர் தேடிய உவமை என்ன? மாலை நேரம். வேலியோரத்திலே வெருகுகள் வந்து நிற்கின்றன. வீட்டுக் கோழியின் குறுங்காற் பேடை, புகலிடம் அறியாது திகைத்துக் கூடிய தன் குஞ்சுகளைக் கூவிக் கூவி அழைக்கின்றது. அந்தக் கலக்கமான ஓசை போன்றது அலர் என்கிறார்.

இந்தப் பாட்டை வகுப்பிலே படிப்பிக்கும்போதெல்லாம் வெருகு என்ற சொல்லிலே மாணவர்கள் தடுக்கி விழுவர். காட்டுப்பூனை என்று கரும்பலகையில் எழுதிவிட்டு நகர்வது வழக்கம். ஒருமுறை தீவகத்திலிருந்து வந்து படித்த மாணவி ஒருத்தி எழுந்து, “சேர், மரநாய் வேலிப் பொட்டுக்குள்ளாலை வாற நேரம் எங்கடை அம்மம்மாவின்ரை கோழியும் இப்பிடித்தான் கேறும். அம்மம்மா விளக்கோடை ஓடுவா” என்றாள். எந்த உரைநூலும் தராத உரை அது. வேலி, மாலை, பகை, தாய், குஞ்சு என்ற ஐந்தும் இரண்டாயிரம் ஆண்டுகளாக அதே இடத்தில் நிற்கின்றன. விலங்கின் பெயர் மட்டும் மாறியிருக்கின்றது.

அதே தொகையின் 157ஆம் பாட்டு அள்ளூர் நன்முல்லையாருடையது. விடியற்காலையில் கோழி கூவ, காதலரைப் பிரிக்கும் வாளாக அந்த விடியல் வந்துவிட்டதே என்று தலைவி திடுக்கிடுகின்றாள். பலருக்கும் தெரிந்த பாட்டாகையால் விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். கோழியின் ஓசையைக் கேட்டு நெஞ்சு நடுங்கிய இவ்விரு பாடல்களையும் பாடியோர் பெண்பாற் புலவர்கள் என்பதே மரபு.

ஆண்கள் கோழியை வேறு வழியிலே போற்றினார்கள். உறையூருக்குக் கோழி என்றே ஒரு பெயர் உண்டு. யானையை எதிர்த்து வென்ற சேவலின் கதை அதற்குக் காரணமாகச் சொல்லப்படும். தமிழ்நாட்டிலே விழுப்புரத்தை அடுத்த அரசலாபுரத்தில், சண்டையிலே பட்ட ஒரு சேவலுக்குக் கல் நட்டு, அதன் உருவத்தைச் செதுக்கி வட்டெழுத்திலே பொறித்தும் வைத்திருக்கின்றார்கள். வயதிலே அது பதினைந்து நூற்றாண்டுகளை ஒட்டியது. கச்சியப்பரின் கந்தபுராணத்திலே மாமரமாய் நின்ற சூரன் இரு கூறாகி, ஒரு கூறு மயிலும் மற்றது சேவலுமாகி, சேவல் முருகனின் கொடியிலே ஏறுகின்றது. கந்தபுராண கலாசாரம் என்று பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் பெயரிட்டழைத்த யாழ்ப்பாணத்திலே, புராண படனம் கேட்டு வளர்ந்த எவருக்கும் அந்தக் கொடி தெரியும். சேவலுக்குக் கொடி உண்டு, ஊர் உண்டு, நடுகல் உண்டு. முட்டையிட்டு, இருபத்தொரு நாள் பசி கிடந்து, குஞ்சு பொரித்து, பருந்தோடு போராடிய பேட்டுக்கு ஒரு கல்லும் இல்லை. மாசாத்தியாரின் பாட்டு ஒன்று இருக்கின்றது.

இனி, இந்தப் பறவை எங்கிருந்து வந்தது? தென்கிழக்காசியக் காடுகளிலே வாழும் செந்நிறக் காட்டுக்கோழியே வீட்டுக் கோழியின் மூதாதை. தாய்லாந்திலே பான் நொன் வாட் என்ற இடத்தில் அகழ்ந்தெடுத்த எலும்புகளே ஐயத்துக்கிடமற்ற மிகப் பழைய வீட்டுக் கோழியினுடையவை என்று 2022ஆம் ஆண்டு வெளியான ஆய்வு கூறுகின்றது. கி.மு. 1650 இற்கும் 1250 இற்கும் இடைப்பட்ட காலத்தவை அவை. மனிதன் போய்க் கோழியைப் பிடித்து வரவில்லை. அவன் நெல்லும் தினையும் விளைத்துச் சேமித்தபோது, சிந்திய மணியைத் தேடிக் கோழிதான் காட்டை விட்டு இறங்கி வந்தது என்பது அவ்வாய்வாளர்களின் கருத்து. பட்டினப்பாலைக் கோழியும் அந்த வழியிலே வந்ததுதான். இன்னொரு செய்தி நமக்கு நெருக்கமானது. கோழியின் மஞ்சள் நிறத் தோலும் காலும் செந்நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்தவை அல்ல, தென்னிந்தியாவின் சாம்பல் நிறக் காட்டுக்கோழியின் கலப்பால் வந்தவை என்று 2008ஆம் ஆண்டு மரபணு ஆராய்ச்சி காட்டியது. இன்று உலகெங்கும் மஞ்சட் காலோடு திரியும் கோழிகள் எல்லாம் தெற்கத்திக் காட்டுக்குக் கடன்பட்டவை.

இலங்கைக்கும் சொந்தமாக ஒரு காட்டுக்கோழி உண்டு. தேசியப் பறவை அதுவே. ஆனால் தீவகத்திலே அதற்கேற்ற காடு இல்லை. எனவே நம் தீவுகளின் கோழிக் குலம் முழுவதும் ஒரு காலத்திலே கடகத்துக்குள் கால் கட்டப்பட்டு, வள்ளமேறிக் கடல் கடந்து வந்தது என்று கொள்ளலாம். மக்களைப் போலவே.

சாட்டியை அறியாத நேயர்களுக்கு ஒரு வார்த்தை. பண்ணைப் பாலத்தைக் கடந்து, மண்டைதீவுச் சந்தியைத் தாண்டி, அல்லைப்பிட்டி, மண்கும்பான் வழியாக வேலணைக்குப் போகும் வழியிலே கடலோரமாக உள்ளது. வெள்ளை மணலும் சிந்தாத்திரை மாதா கோயிலும் அதன் அடையாளங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக நன்னீர்க் கிணறுகள். சுற்றிலும் உப்புக் கடல். மணலின் அடியிலே மழைநீர் ஒரு மெல்லிய படையாக உவர்நீரின் மேல் மிதந்து நிற்கின்றது. அந்த நீரை நம்பியே அயற் கிராமங்களும் இருந்தன. இங்கே கோழிக்கூடு எங்கே வைப்பது என்பதும் தண்ணீரின் கேள்விதான். மணல் எச்சத்தைத் தடுத்து வைக்காது. மழை அதைக் கரைத்து நேரே கிணற்றுக்குக் கொண்டு போய்ச் சேர்க்கும். ஆகையால் கிணற்றுக்குக் கிட்டக் கூடு வைக்கக் கூடாது. வளவின் கோடியிலே, வேலியோரமாக வைத்தால் அங்கேதான் மரநாய் வரும். இந்த இரண்டுக்கும் நடுவிலே ஓர் இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் கோழி வளர்ப்பின் முதற் பாடம்.

முதற் கோழியைக் காசு கொடுத்து வாங்காத காலமும் இருந்தது. அயல் வீட்டுக்காரி ஒரு பேட்டை வாரத்துக்குத் தருவாள். வளர்ப்பவள் அடை வைத்துக் குஞ்சு பொரிப்பித்தால், குஞ்சுகளிலே பாதி கோழிக்குடையவளுக்கு, பாதி வளர்த்தவளுக்கு. தாய்க் கோழி திரும்பிப் போய்விடும். கையிலே ஒரு சதமும் இல்லாத புதுக் குடித்தனத்துக்கு இதனால் ஒரே பருவத்தில் நாலைந்து குஞ்சுகள் சொந்தமாகும். எழுத்தில்லை, சாட்சியில்லை, வட்டியில்லை.

அடை வைப்பது ஒரு சடங்கு போலவே நடக்கும். பேடு குறுகுறுத்துக்கொண்டு, சிலிர்த்த இறகோடு மூலையிலே படுத்து எழும்ப மறுத்தால் பருவம் வந்துவிட்டது என்று அறிவார்கள். பழங் கடகத்திலே மணலோ சாம்பலோ பரப்பி, வைக்கோல் இட்டு, முட்டைகளைத் தண்ணீரிலே போட்டுப் பார்த்து, மிதப்பதை ஒதுக்கி, ஒற்றைப்பட எண்ணி வைப்பார்கள். பிறகு வேறு முட்டை வந்து கலவாதபடி கரியாலே குறியிடுவார்கள். இடி முழங்கினால் முட்டை கூழாகிவிடும் என்று ஓர் இரும்புத் துண்டும் செத்தல் மிளகாயும் கரித்துண்டும் கடகத்துக்குள் இருக்கும். இரும்பு இடியைத் தடுக்குமா என்று கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் எடுக்க மாட்டார்கள். இருபத்தோராம் நாள் ஓட்டுக்குள்ளே கீச்சிடும் ஓசை கேட்கும். முதற் கிழமை குறுநல் அரிசியும் தேங்காய்ப்பூவும். அடுத்த கிழமையிலிருந்து சிறுவர்களுக்கு வேலை. உக்கிய வேலிக் கதியாலைத் தட்டிக் கறையான் கொண்டு வர வேண்டும். கறையானைக் கண்ட குஞ்சு அரிசியைத் திரும்பிப் பாராது. பகலிலே காகமும் பருந்தும் உண்டு. தாயையும் குஞ்சுகளையும் கரப்பாலே மூடி வைப்பார்கள். இவற்றுக்கெல்லாம் தப்பிய கூட்டத்தை ஒரே கிழமையில் வழித்துக்கொண்டு போவது தூங்கி விழும் நோய். அது இராணிக்கேத் என்ற இந்திய மலையூரின் பெயராலே அறியப்படுகின்றது; 1926ஆம் ஆண்டு ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் முதலிற் கண்டறியப்பட்டது. தடுப்பு மருந்து உண்டு. மருந்தை ஏற்ற நேரத்தில் கொடுப்பவரின் கூடு நிறைந்திருக்கும். மற்றவரின் கூடு அடுத்த மாதம் விறகாகும்.

வேலியைப் பற்றிச் சொன்னேன். அயலவரோடு சண்டை வருவதும் அதனால்தான். 1707ஆம் ஆண்டு ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமை, ஒருவர் வளவிலே நின்று அயல் வளவுக்குள் சாய்ந்த மரத்தைப் பற்றியும் பேசுகின்றது. மரம் வேலிக்கு மேலாலே போகும். கோழி வேலிக்குக் கீழாலே போகும். பொட்டுக்குள்ளால் புகுந்து அடுத்த வீட்டுக் கத்தரிக் கன்றைக் கிளறிய கோழியாலே பேச்சுவார்த்தை முறிந்த குடும்பங்களைத் தீவகத்திலே எவரும் எண்ணிச் சொல்லிவிடலாம். அந்தக் குடும்பங்களே அடைக்கு முட்டை வேண்டி ஒன்றுகூடியதும் உண்டு.

சைவ வீடுகளிலே இதற்கு ஒரு தனிச் சிக்கல். உயிர்ப்பலியையும் புலாலையும் கடிந்த ஆறுமுக நாவலரின் (1822 - 1879) குரல் எங்கள் குசினி வரைக்கும் எட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை முட்டையோடு பாத்திரம் அடுப்பேறாது. ஆனால் முற்றத்திலே கோழி நிற்கும். உண்பதற்கு அல்ல, விற்பதற்கு. முட்டைக் காசு குடும்பத் தலைவனின் கணக்கிலே சேராது. அரிசிப் பானைக்குள்ளும் சேலைத் தலைப்பிலும் அது முடிந்து கிடந்து, பிள்ளையின் கொப்பியாகவும் பென்சிலாகவும் கோயில் நேர்த்தியாகவும் வெளியே வரும். பெண்ணின் கையிலே அவளுக்கென்று புழங்கிய முதற் பணம் பல வீடுகளிலே கோழியிட்டதுதான். புகையிலைக் கணக்கு எழுதப்பட்டது. முட்டைக் கணக்கை எவரும் எழுதி வைக்கவில்லை.

1990ஆம் ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் தீவகம் வெறுமையாயிற்று. படை நடவடிக்கைகளுக்கு அஞ்சி, கையில் அகப்பட்டதோடு மக்கள் குடாநாட்டுக்குள் ஓடினார்கள். நடக்க முடியாத வயோதிபர் சிலர் எஞ்சினர். அந்த வெறுமையைப் புங்குடுதீவுக் கவிஞர் சு. வில்வரத்தினம் ‘காற்றுவெளிக் கிராமம்’ என்ற தொகுதியாக்கினார். அப்போது நான் சிறுவன். ஆட்டைக் கயிற்றோடு இழுத்துச் செல்லலாம். மாட்டை அவிழ்த்து விடலாம். அவிழ்த்து விட்ட மாடுகள் கட்டாக்காலிகளாகிப் பெருகின. கோழியை என்ன செய்வது? கூட்டைத் திறந்து விட்டார்கள். சாக்கிலே இரண்டைப் போட்டுக்கொண்டு வந்தவர்களும் உண்டு. வழியிலே அவை கேறின. மனிதர் இல்லாத முற்றத்திலே மாடு வாழும், பூனை வாழும். கோழி வாழாது. விளக்கோடு ஓடி வர ஆளில்லாத மாலை ஒன்றிரண்டு போதும், வெருகு வேலையை முடித்துவிடும். மாசாத்தியாரின் பாட்டிலே புகலிடம் அறியாது நின்றவை குஞ்சுகள். எங்கள் ஆண்டிலே வீட்டுக்காரரும் அப்படியே நின்றார்கள்.

1996இற்குப் பின்னர் சிறிது சிறிதாக மக்கள் திரும்பினார்கள். திரும்பியவர்கள் செய்த வேலைகளின் ஒழுங்கு ஏறத்தாழ எல்லா இடத்திலும் ஒன்றே: பற்றை வெட்டல், கிணறு இறைத்தல், வேலி அடைத்தல். பிறகு கோழி. 2009இற்குப் பிந்திய ஆண்டுகளிலே, போர் ஓய்ந்த பின்னர், வடக்கெங்கும் வாழ்வாதார உதவி என்ற பெயரில் கோழிக் குஞ்சுகளும் கூடுகளும் வழங்கப்பட்டன. பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களுக்கு அது பெரிதும் உரியதாகக் கருதப்பட்டது. நல்ல நோக்கந்தான். ஆனால் கொடுத்தவர்கள் பல இடங்களிலே கோழியை ஓர் இயந்திரமாகவே எண்ணினார்கள் என்பது என் கருத்து. லெக்கோன் போன்ற இனங்கள் முட்டையை மிகுதியாக இடும். நாட்டுக் கோழி ஆண்டுக்கு ஐம்பது இட்டால் பெரிது, அது இருநூற்றைம்பதைத் தாண்டும். ஆனால் அடை கிடக்காது. அடை கிடக்கும் இயல்பைத் தேர்ந்து தேர்ந்து நீக்கித்தான் அந்த இனத்தை ஆக்கினார்கள். அதற்குக் குஞ்சு வெளியிலிருந்து வர வேண்டும், தீவனமும் வெளியிலிருந்து வர வேண்டும். தீவனப் பை முடிந்த அன்றே உதவியும் முடிந்துவிடும்.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இதனை நாடு முழுவதற்கும் காட்டியது. முந்திய ஆண்டில் இரசாயனப் பசளைக்கு விதித்த தடையாலே சோளம் குறைந்தது, டொலர் இல்லாமையால் தீவனமும் மருந்தும் வரவில்லை, பண்ணைகள் ஒடுங்கின. முட்டை ஒன்று ஐம்பது ரூபாவைத் தாண்டியது. 2023ஆம் ஆண்டு அரசாங்கம் இந்தியாவிலிருந்து முட்டையைக் கப்பலில் இறக்கியது. அந்நாளிலே கறையானையும் புல் விதையையும் எஞ்சிய சோற்றையும் தின்று நின்ற முற்றத்துக் கோழி, முன்னைப் போலவே நாளுக்கொன்று விட்டு ஒன்று இட்டுக்கொண்டிருந்தது.

அண்மையிலே சாட்டிப் பக்கம் போயிருந்தபோது ஒரு வளவிலே புத்திசாலித்தனமான ஓர் ஏற்பாட்டைக் கண்டேன். அந்த அம்மா பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஊர் திரும்பியவர். உதவியாகக் கிடைத்த கலப்புக் கோழிகளின் முட்டைகளை, சந்தையிலே வாங்கிய ஒரு கறுப்பு நாட்டுப் பேட்டுக்குக் கீழே வைத்திருந்தார். பதினொன்று வைத்து ஒன்பது பொரித்திருந்தன. கரப்பு ஒரு பக்கம் சரிந்திருக்க, குஞ்சுகள் மணலைக் கிளறிக்கொண்டிருந்தன. இரும்புத் துண்டு இன்னும் கடகத்துக்குள்ளே கிடந்தது.

அடுத்த வளவுக்கு அந்த மாதந்தான் ஓர் இளங் குடும்பம் வந்திருக்கின்றது. நான் நின்ற நேரத்திலே அந்த வீட்டுப் பெண் இடுப்பிலே பிள்ளையோடு வந்து, வாரத்துக்கு ஒரு கோழி தருவீர்களா என்று கேட்டாள். அம்மா அவளுடைய வளவை எட்டிப் பார்த்தார். முன்பக்கம் மட்டுமே கிடுகு கட்டியிருந்தது. பின்பக்கம் கதியால்கள் வெறுமனே நின்றன.

“தாறன் பிள்ளை, உந்தக் கறுத்தப் பேட்டையே தாறன். முதல்லை பின்வேலியை அடை. மரநாய்க்கு வளர்க்க என்னட்டைக் கோழி இல்லை.”